சாமை உமி நீக்கும் யந்திரத்தின் குலுக்கல்: இயல்பு அதிர்வெண்ணைக் கணக்கிடலும் அளத்தலும்

கொல்லிமலையின்மீதுள்ள நாடுகளுள் வாழவந்தி நாடு ஒன்று. இங்கும் இதனை அடுத்த நாடுகளிலும் வாழும் மலையாளிக் குடிகள் சாமை, தினை, பனிவரகு, கேழ்வரகு ஆகிய தானியங்களை நெடுங்காலமாகப் பயிரிட்டு வந்திருக்கின்றனர். இவற்றுள் கேழ்வரகை அப்படியே மாவாக்கலாம். ஏனைய மூன்றும் உமி போர்த்தவை. உமி நீங்கினாலன்றி உலையில் இடுதற்கு உதவா. உரலில் இட்டுக் குற்றுதலும் முறத்தில் புடைத்தலும் பெண்டிர் தலைமேல் விழும் வேலை. ஒரு வேளைச் சோற்றுக்கு வேண்டிய சாமையைக் குற்றி எடுப்பதற்குள் தோள் சலித்துவிடும். மரவள்ளிக்கு இத்தொல்லை கிடையாது. கிழங்கைப் பிடுங்கி லாரியில் ஏற்றினால் அது சேலம், நாமக்கல் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குச் சென்று ரொக்கமாகித் திரும்புகிறது. மலைமேல் சாமைக் கொல்லைகள் பல மரவள்ளிக் கொல்லைகளாக மாறியதற்குரிய காரணங்களுள் உலக்கையும் ஒன்று என்பதை அங்குள்ள எந்தக் குடியானவரும் ஒப்புக்கொள்வர்.

1988-ம் வருஷம் சென்னையில் தோற்றுவிக்கப்பட்ட எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், 1990-களின் பிற்பகுதி முதல் கொல்லிமலைச் சிறுதானியங்களைக் காக்கும் வேலையில் ஈடுபட்டபோது, விதையைக் காத்தல் மட்டும் போதாது, உலக்கை வேலையையும் குறைத்தல் வேண்டும் என்று கண்டு, சுய உதவிக் குழுக்களின் பொறுப்பில் உமி நீக்கும் யந்திரங்களும் மாவரைக்கும் யந்திரங்களும் நிறுவ உதவியது. கோயம்புத்தூர் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும், போபாலிலுள்ள மத்திய வேளாண் பொறியியல் நிலையமும் சிறுதானியத்துக்கென்றே உமி நீக்கும் யந்திரங்களை வகுத்துள்ளன. ஆகவே யந்திரம் கிடைப்பது இன்று அரிதன்று. கிடைத்த யந்திரம் மலைமேல் ஓடிக்கொண்டே இருப்பதுதான் அரிது. பேரிங் உடைந்தாலும், சட்டத்தின் வெல்டிங் விட்டுப்போனாலும், பழுது பார்ப்பவர் எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே வரவேண்டும். அவர் வரும்வரையில் உலக்கை மறுபடியும் கைக்கு வந்துவிடும். இரண்டு மூன்று தடவை இவ்வாறு நேர்ந்தால் அடுத்த பட்டத்தில் சாமை விதைப்பவர் யோசிப்பார்.

பேரிங்கும் வெல்டிங்கும் அடிக்கடி கெடுவதற்குப் பெரும்பாலும் காரணம் குலுக்கலே. குலுக்கல் எங்கிருந்து வருகிறது, அதை எவ்வாறு கணக்கிட்டு அளப்பது என்பதே இக்கட்டுரையின் பொருள். இதற்கு வேண்டிய கணக்கு, வர்க்கமூலம் ஒன்று போடத் தெரிந்தால் அடங்கிவிடும்.

கல்லை ஏற்றும் வழக்கம்

யந்திரம் குலுங்கினால் அதன்மேல் பாரம் ஏற்றுவது கிராமங்களில் சாதாரண வழக்கம். உடைந்த ஆட்டுக்கல்லையோ மணல் மூட்டையையோ சட்டத்தின்மேல் வைத்துக் கயிற்றால் இறுக்கிவிடுகின்றனர். சில இடங்களில் இதனால் குலுக்கல் அடங்குவதும் உண்டு. வேறு சில இடங்களிலோ, முன்னே சிறிதாக இருந்த குலுக்கல், கல்லை ஏற்றிய பிறகு தரையையே உதறும் அளவுக்குப் பெருகுகிறது. ஒரே மருந்து ஓரிடத்தில் நோயைத் தீர்த்து மற்றோரிடத்தில் வளர்ப்பதேன்? அப்போது யந்திரம் செய்தவரையும் மின்சாரத்தையும் நிந்திப்பர். குற்றம் அவ்விரண்டிலும் இல்லாமல் கல்லிலேயே இருக்கக்கூடும் என்பது கீழ்க்காணும் கணக்கால் விளங்கும்.

ஊஞ்சலில் உட்கார்ந்த குழந்தையை ஒரு தடவை தள்ளிவிட்டு ஒதுங்கி நின்றால், ஊஞ்சல் தன் கயிற்றின் நீளத்துக்கு ஏற்ப நிமிஷத்துக்கு இத்தனை தடவை என்று தானாகவே ஆடும். பலமாகத் தள்ளினாலும் மெதுவாகத் தள்ளினாலும் அந்த எண்ணிக்கை ஏறக்குறைய மாறுவதில்லை. பொருள்கள் ஒவ்வொன்றுக்கும் இவ்வாறு தனக்கே உரிய ஆட்ட எண்ணிக்கை உண்டு. இதற்கு இயல்பு அதிர்வெண் என்று பெயர். ஊஞ்சல் திரும்பி வரும் தருணம் பார்த்துத் தள்ளினால் சுண்டு விரலே போதும். ஆட்டம் தோரணம் வரையில் ஏறும். தள்ளும் எண்ணிக்கையும் இயல்பு அதிர்வெண்ணும் ஒன்றும்போது ஆட்டம் இவ்வாறு பெருகுவதை ஒத்ததிர்வு என்பர். 1831-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரத்துக்கு அருகே பிராட்டன் தொங்குபாலத்தின்மேல் எழுபத்து நான்கு சிப்பாய்கள் ஒரே தாளத்தில் அடியெடுத்துச் சென்றபோது பாலம் ஒரு பக்கம் அறுந்து விழுந்தது. அங்கிருந்த தாழ்ப்பாணி ஒன்று முன்னரே பழுதாயிருந்தது என்பதும் உண்மையே. பழுதைப் பெருக்கி அறுத்தது தாளம்.

அதிர்வெண்ணை ஆளுவன இரண்டு: பொருளின் விறைப்பு, அதன் பாரம். விறைப்பு மிகுந்தால் அதிர்வெண் ஏறும். பாரம் மிகுந்தால் இறங்கும். மிருதங்கத்தின் தொப்பியில் கச்சேரிக்கு முன் ரவைப் பசையை அப்புவது இதற்கு எல்லோரும் அறிந்த சான்று. பசையின் பாரம் ஏறியதும் தோலின் ஒலி தாழ்ந்து வருகிறது. நம் தேசத்து மத்தளங்களில் இவ்வாறு தோலின்மேல் ஏற்றும் பாரம் ஒலியை எங்ஙனம் ஒழுங்குபடுத்துகிறது என்பதைச் சர் சி. வி. ராமன் 1920-ம் வருஷத்திலேயே ஆராய்ந்து வெளியிட்டார். மிருதங்க வித்துவான் பசையைக் கிள்ளி வைப்பதும், யந்திரத்தின்மேல் ஆட்டுக்கல்லைத் தூக்கி வைப்பதும் ஒரே காரியந்தான். வித்துவானுக்குத் தாம் எந்தச் சுருதிக்கு இறக்குகிறோம் என்பது தெரியும்.

தாழ்வைக் கொண்டு கணக்கிடும் முறை

சட்டத்தின் விறைப்பையும் பாரத்தையும் தனித்தனியே அறிந்து வகுத்தல் கடினமாகத் தோன்றலாம். ஆனால் இரண்டும் சேர்ந்து ஒரே அளவில் தென்படும் இடம் ஒன்று உண்டு. யந்திரத்தை ஏற்றியபின் சட்டம் எவ்வளவு கீழே தாழ்கிறது என்பதே அது. பாரம் மிகுந்தால் தாழ்வு மிகும். விறைப்பு மிகுந்தால் தாழ்வு குறையும். ஆகையால் தாழ்வு ஒன்றை அளந்தால் போதும். அத்தாழ்வை மில்லிமீட்டரில் எழுதி, அதன் வர்க்கமூலத்தைக் கண்டு, 946-ஐ அதனால் வகுத்தால், சட்டம் நிமிஷத்துக்கு எத்தனை தடவை மேலும் கீழும் ஆடும் என்பது கிடைக்கும். விநாடிக்கு வேண்டுமானால் 946-க்குப் பதிலாக 15.76-ஐ வகுத்தல் வேண்டும். இவ்வெண்கள் பூமியின் ஈர்ப்பிலிருந்து வருபவை. இரும்புக்கும் மரத்துக்கும் ஒன்றே.

வாழவந்தி நாட்டுக் கூடம் ஒன்றில் 80 கிலோ நிறையுள்ள உமி நீக்கும் யந்திரம் இருப்பதாக உதாரணத்துக்குக் கொள்க. அது 40 மில்லிமீட்டர் கோண இரும்புகள் இரண்டின்மேல் நடுவே பூட்டப்பட்டிருக்கிறது. அவ்விரும்புகளைத் தாங்கும் கால்களுக்கு இடையே 75 சென்டிமீட்டர் தூரம். இப்படிப்பட்ட சட்டம் 80 கிலோவுக்குச் சுமார் 0.3 மில்லிமீட்டர் தாழும். 0.3-ன் வர்க்கமூலம் 0.548. 946-ஐ இதனால் வகுத்தால் 1,726. சட்டத்தின் இயல்பு அதிர்வெண் நிமிஷத்துக்கு 1,726.

நம் மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சியுடையது. சாதாரணமாகக் கிடைக்கும் நாலு துருவ மோட்டார் அதில் நிமிஷத்துக்கு 1,440 சுற்று அளவில் ஓடும். மோட்டாரும் விசிறியும் எவ்வளவு நன்றாகச் செய்யப்பட்டிருந்தாலும் ஒரு பக்கத்தில் இம்மியளவு பாரம் மிகுந்தே இருக்கும். உமி ஒட்டிய விசிறியில் இன்னும் மிகும். அந்த மிகை ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை சட்டத்தைத் தள்ளுகிறது. தள்ளுதல் 1,440, சட்டத்தின் இயல்பு 1,726. இரண்டுக்கும் ஆறில் ஒரு பங்கே இடைவெளி. இது நல்ல நிலை அன்று. யந்திரம் ஓரளவு குலுங்கத்தான் செய்யும்.

இப்போது 35 கிலோ ஆட்டுக்கல் ஒன்றை அதன்மேல் கட்டுவதாகக் கொள்க. பாரம் 115 கிலோவாகிறது. தாழ்வு அதே விகிதத்தில் ஏறி 0.431 மில்லிமீட்டர் ஆகிறது. அதன் வர்க்கமூலம் 0.657. 946-ஐ வகுத்தால் கிடைப்பது 1,440. மோட்டாரின் சுற்று எதுவோ அதுவே சட்டத்தின் இயல்பாகிவிட்டது. அடக்குவதற்கென்று வைத்த கல் ஊஞ்சலைத் தருணம் பார்த்துத் தள்ளும் கையாக முடிந்தது. வெல்டிங் செய்த இரும்புச் சட்டத்தில் ஆட்டத்தைத் தணிக்கும் தன்மை மிகவும் குறைவு. ஒத்ததிர்வில் குலுக்கல் பத்து, இருபது மடங்காகப் பெருகுவது வியப்பன்று.

கல் உதவும் இடமும் உண்டு. சட்டத்தின் இயல்பு ஏற்கெனவே மோட்டாரின் சுற்றுக்குக் கீழே, உதாரணமாக 1,300 ஆக இருந்தால், கல் அதை இன்னும் கீழே இறக்கி இடைவெளியை மிகுவிக்கும். ஆகவே கல் நல்லதா கெட்டதா என்பது கல்லைப் பொறுத்ததன்று. சட்டம் மோட்டாருக்கு மேலே நிற்கிறதா கீழே நிற்கிறதா என்பதைப் பொறுத்தது. அதை அறியாமல் பாரம் ஏற்றுதல், வழி அறியாமல் ஓடுவதை ஒக்கும். ஓட்ட வேகத்துக்கும் இயல்பு அதிர்வெண்ணுக்கும் குறைந்தது ஐந்தில் ஒரு பங்கு இடைவெளி வேண்டும். மூன்றில் ஒரு பங்கு இருந்தால் கவலையில்லை.

மேற்கண்ட யந்திரத்துக்குச் செலவில்லாத பரிகாரம் ஒன்று உண்டு. கால்களை உள்ளே நகர்த்தி, இடைத்தூரத்தை 75-லிருந்து 60 சென்டிமீட்டராகக் குறைத்தால் போதும். கோண இரும்பின் தாழ்வு அதன் நீளத்தின் கனத்தைப் பின்பற்றுவதால், ஐந்தில் ஒரு பங்கு நீளம் குறையும்போது தாழ்வு ஏறக்குறையப் பாதியாகிவிடும்: 0.3 மில்லிமீட்டர் 0.154 ஆகும். இயல்பு அதிர்வெண் 2,410-க்கு ஏறும். மோட்டார் 1,440-ல் நிற்க, சட்டம் அதற்கு வெகு உயரத்தில் நிற்கும். புதிய இரும்பு ஒரு முழமும் வாங்கவேண்டியதில்லை.

ரப்பர் மெத்தை வைப்பவர்கள் இதற்கு நேர் எதிரான வழியில் செல்கின்றனர். அதுவும் சரியான வழியே. இயல்பு அதிர்வெண்ணை ஓட்ட வேகத்துக்கு வெகுவாகக் கீழே இறக்கிவிடுவது அதன் நோக்கம். மெத்தை யந்திரத்தின் பாரத்தால் 4 மில்லிமீட்டர் அமுங்கினால், இயல்பு 473. மோட்டாரின் சுற்று அதற்கு மும்மடங்கு. தரைக்கு இறங்கும் உதறல் எட்டில் ஒரு பங்காகக் குறையும். ஆனால் பழைய லாரி டயர்த் துண்டை வைத்தாலே இந்தப் பலன் வந்துவிடும் என்று எண்ணுதல் தவறு. தடித்து இறுகிய துண்டு அரை மில்லிமீட்டர்கூட அமுங்காமல் இருக்கலாம். அரை மில்லிமீட்டருக்கு இயல்பு 1,338. மோட்டாரின் பக்கத்திலேயே வந்து நிற்கும். மெத்தை எதுவாயினும் அமுங்குவதை அளந்த பிறகே வைத்தல் வேண்டும்.

அளக்கும் விதம்

மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கைக் கண்ணால் பார்க்க முடியாது. கடைசல் பட்டறைகளில் டயல் கேஜ் என்ற கருவி இருக்கும். இரவல் கிடைத்தால் நலம். கிடையாவிடில் நேரான மரச்சட்டம் ஒன்றை நெம்புகோலாக அமைத்துக்கொள்ளலாம். ஆணி அடித்த இடத்திலிருந்து ஒரு பக்கம் 2 சென்டிமீட்டர், மறுபக்கம் 60 சென்டிமீட்டர் இருக்கட்டும். குட்டைப் பக்கத்தின் முனை கோண இரும்பின் அடியைத் தொட்டு நிற்கவேண்டும். நெட்டைப் பக்கத்தின் முனையில் பள்ளிப் பிள்ளைகளின் அளவுகோலை நிறுத்திவைக்கவேண்டும். இரும்பு 0.3 மில்லிமீட்டர் தாழ்ந்தால் நெட்டை முனை அதற்கு முப்பது மடங்கு, அதாவது 9 மில்லிமீட்டர் உயரும். யந்திரத்தை இறக்கி ஏற்றவேண்டிய அவசியமில்லை. நிறுத்திய யந்திரத்தின்மேல் நாற்பது கிலோ மூட்டைகள் இரண்டை மெதுவாக வைத்து, எவ்வளவு தாழ்கிறது என்று பார்த்தாலே 80 கிலோவுக்குரிய தாழ்வு தெரிந்துவிடும். நெம்புகோலின் ஆணி யந்திரத்தின் சட்டத்தில் இருக்கலாகாது. தரையில் தனியே ஊன்றிய கட்டையில் இருக்கவேண்டும். இதை மறந்தவர்கள் தாழ்வே இல்லை என்று கண்டு ஏமாறுவர்.

சட்டம் மேலும் கீழும் மட்டும் ஆடுவதில்லை. கால்கள் உயரமாகவும் குறுக்கு விட்டம் இல்லாமலும் இருந்தால் பக்கவாட்டில்தான் முதலில் அசையும். அதற்கு, சட்டத்தின் தலையில் கயிறு கட்டி வில் தராசால் 20 கிலோ அளவுக்குக் கிடையாக இழுத்து, நகர்ந்த தூரத்தை அதே நெம்புகோலால் அளந்து, யந்திரத்தின் முழு நிறைக்கு ஏற்ப நாலு மடங்காக்கி, மேற்சொன்ன வாய்ப்பாட்டில் இடவேண்டும். பக்கவாட்டு ஆட்டத்துக்கு மருந்து மூலைக்கு மூலை குறுக்கே பற்றவைத்த பட்டை இரும்பே.

கணக்கு இவ்வளவே. ஆயினும் கணக்கில் அகப்படாதவை சில உண்டு: தளர்ந்த போல்ட்டு, விரிசல் விட்ட வெல்டிங், கால் ஊன்றிய மண் தரையின் இளக்கம். இவை யாவும் இயல்பு அதிர்வெண்ணைக் குறைக்கும். ஆகவே நேரில் அளந்து பார்த்தலும் வேண்டும்.

எல்லாவற்றிலும் எளிய சோதனைக்குக் கருவியே வேண்டாம். யந்திரத்தை வெறுமையாக ஓடவிட்டு, சுவிட்சை அணைத்து, சுற்று அடங்கும் வரையில் சட்டத்தைக் கையால் தொட்டுக் கவனித்தல் வேண்டும். அணைத்த சில விநாடிகளுக்குப் பிறகு நடுவில் ஒரு தடவை குலுக்கல் பெருகி மறைந்தால், இயல்பு அதிர்வெண் ஓட்ட வேகத்துக்குக் கீழே இருக்கிறது. சுற்று குறைந்து வரும் வழியில் அதைக் கடந்து செல்கிறது. அணைத்த உடனே குலுக்கல் சட்டென்று குறையத் தொடங்கினால், இயல்பு ஓட்ட வேகத்திலேயோ அதற்குச் சற்று மேலேயோ இருக்கிறது. முன்னதற்குப் பாரம் ஏற்றலாம். பின்னதற்குப் பாரம் ஏற்றலாகாது, விறைப்பையே கூட்டவேண்டும். சுழலும் பாகத்தில் கை படாமல் தொடவேண்டும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

இரண்டாவது சோதனைக்குக் கைப்பேசி உதவும். இன்றைய கைப்பேசிகளுள் அசைவை உணரும் சில்லு ஒன்று இருக்கிறது. அதன் அளவீட்டைக் கோடாக வரைந்து காட்டும் செயலிகள் விலையின்றிக் கிடைக்கின்றன. ஜெர்மனியில் ஆஹென் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஃபைஃபாக்ஸ் என்பது அவற்றுள் ஒன்று. மெயின் சுவிட்சை அணைத்து, பெல்ட்டைக் கழற்றி, கைப்பேசியைச் சட்டத்தின்மேல் அசையாமல் கட்டி, மரச் சுத்தியால் சட்டத்தை ஒரே ஒரு தட்டுத் தட்டவேண்டும். கோடு அலையாக எழுந்து சிறுத்து அடங்கும். பத்து அலைகளுக்கு எத்தனை விநாடி என்று பார்த்து வகுத்தால் அதிர்வெண் கிடைக்கும். செயலியே அதைக் கணக்கிட்டுக் காட்டுவதும் உண்டு. ஒரு எச்சரிக்கை: அச்சில்லு விநாடிக்கு 100 தடவை அளப்பதாயின், விநாடிக்கு 50-க்கு மேற்பட்ட ஆட்டத்தை அதனால் சரியாகக் காட்ட முடியாது, பொய்யான எண்ணைக் காட்டும். அதில் பாதியளவு வரையில் நம்புவதே உத்தமம்.

மூன்றாவது, இரும்பறுக்கும் ரம்பத் தகடு. இது ஓடும் யந்திரத்தின் குலுக்கல் எண்ணிக்கையைக் காட்டும். சாதாரணத் தகட்டின் தடிமன் 0.64 மில்லிமீட்டர். ஒரு முனையை இரண்டு இரும்புப் பட்டைகளுக்கு இடையே இறுக்கி, 15 சென்டிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி விட்டால், அது விநாடிக்குச் சுமார் 23 தடவை ஆடும். நீளத்தைப் பாதியாக்கினால் ஆட்டம் நாலு மடங்காகும். இப்பிடியை யந்திரத்தின் சட்டத்தில் பூட்டி, யந்திரத்தை ஓடவிட்டும் நிறுத்தியும் தகட்டின் நீளத்தைச் சிறிது சிறிதாக மாற்றிவந்தால், ஏதோ ஒரு நீளத்தில் தகட்டின் நுனி விசிறிபோல் விரிந்து ஆடும். நாலு துருவ மோட்டாரின் 1,440 சுற்றுக்கு, அதாவது விநாடிக்கு 24-க்கு, அந்த நீளம் பதினாலே முக்கால் சென்டிமீட்டர் அளவில் அமையும். நுனி வேறொரு நீளத்தில் விரிந்தால், குலுக்கல் மோட்டாரிலிருந்து வரவில்லை. பெல்ட்டிலிருந்தோ உமி நீக்கும் தட்டிலிருந்தோ வருகிறது என்று தேடலாம். பற்கள் மழுங்கிய பழைய தகடும் இதற்குப் போதுமானது.

சுழல் தண்டு

ஷாப்ட் என்று பட்டறைகளில் வழங்கும் சுழல் தண்டுக்கும் இதே வாய்ப்பாடு பொருந்தும். இரண்டு பேரிங்குகளுக்கு இடையே 50 சென்டிமீட்டர் நீளமுள்ள 25 மில்லிமீட்டர் எஃகுத் தண்டின் நடுவே 12 கிலோ தட்டு இருந்தால், தண்டு 0.08 மில்லிமீட்டர் வளையும். இயல்பு அதிர்வெண் நிமிஷத்துக்குச் சுமார் 3,340. இது அளப்பதற்கு மிகச் சிறிய வளைவாகையால் கணக்கையே நம்பவேண்டும். தண்டின் சொந்த நிறையில் பாதியையும் தட்டோடு சேர்த்தால் விடை இன்னும் சிறிது இறங்கும். இத்தண்டை 3,000 சுற்றில் ஓட்டுதல் ஆபத்து. தண்டை 30 மில்லிமீட்டராகத் தடித்ததாக்கினால் எண் 4,800-க்கு மேல் ஏறும். தடிப்பில் ஐந்தில் ஒரு பங்கு கூட்டினால் அதிர்வெண் ஏறக்குறையப் பாதியளவு கூடுகிறது. இதன் மறுபக்கத்தை விவசாயிகள் முக்கியமாகக் கவனிக்கவேண்டும். தேய்ந்த தண்டைக் கடைசலில் சீவி, துளை சிறுத்த பேரிங்கை மாட்டிக்கொண்டு வருவது மலிவாகத் தோன்றும். சீவிய ஒவ்வொரு மில்லிமீட்டரும் தண்டின் இயல்பு அதிர்வெண்ணை ஓட்ட வேகத்தை நோக்கி இழுத்து வருகிறது. பழைய யந்திரம் ரிப்பேருக்குப் பின் என்றுமில்லாதபடி குலுங்குவதற்கு இது ஒரு காரணம்.

இப்படிப்பட்ட வேகத்தைத் தாண்டித் தண்டை ஓட்டவே முடியாது என்று ரான்கின் என்ற ஸ்காட்லாந்துப் பேராசிரியர் 1869-ல் எழுதினார். பாலிலிருந்து ஏட்டைப் பிரிக்கும் சுழல் யந்திரத்தை 1878-ல் அமைத்த ஸ்வீடன் தேசத்து டி லாவால், பின்னர் 1880-களின் இறுதியில் தமது நீராவிச் சுழலியில் மெல்லிய தண்டைப் பூட்டி, அவ்வேகத்தைக் கடந்து 30,000 சுற்று வரையில் ஓட்டிக் காட்டினார். பல தட்டுகளும் கப்பிகளும் உள்ள தண்டுக்குக் கணக்கிடும் வழியை டன்கர்லி 1894-ல் வகுத்தார். தாண்டிய பிறகு தண்டு ஏன் அமைதியடைகிறது என்பதை ஜெஃப்காட் 1919-ல் விளக்கினார். ஆனால் கிராமத்து யந்திரத்தைத் தாண்டி ஓட்டும் துணிவு வேண்டாம். ஒவ்வொரு தடவை தொடங்கும்போதும் நிறுத்தும்போதும் ஆபத்தான வேகத்தின் வழியே செல்லவேண்டியிருக்கும்.

மின்சாரம் இல்லாதபோது

மலையில் மின்சாரம் நின்றுபோகும் நாட்களில் மோட்டாரைக் கழற்றி டீசல் என்ஜினைப் பூட்டுகின்றனர். சட்டம் மாறவில்லை, தள்ளும் கை மாறிவிடுகிறது. 1,500 சுற்றில் ஓடும் ஒற்றைச் சிலிண்டர் நாலடி என்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை வெடிக்கிறது. ஆகவே அது 750, 1,500, 3,000 என்ற மூன்று எண்ணிக்கைகளிலும் சட்டத்தைத் தள்ளும். மோட்டாருக்குப் பொருந்திய சட்டம் என்ஜினுக்குப் பொருந்தும் என்று கொள்ளலாகாது. மேலும் கொல்லிமலை ஆயிரம் மீட்டருக்கு மேற்பட்ட உயரமுடையது; காற்று மெலிந்திருப்பதால் சாதாரண என்ஜினின் சக்தி சமவெளியில் இருப்பதைவிடச் சுமார் பத்தில் ஒரு பங்கு குறையும். கீழே தாங்கிய சுமையை மேலே தாங்காமல் சுற்று விழும். விழும் சுற்று இயல்பு அதிர்வெண்ணில் வந்து சிக்கினால், தானியம் போட்டபோது மட்டும் குலுங்கும் விசித்திரம் நேரிடும். அப்போது சட்டத்தைத் தொடாமல் தானியம் இடும் அளவைக் குறைத்துப் பார்த்தல் நன்று.

சல்லடையின் நிலை வேறு

ஒத்ததிர்வு எங்கும் பகை என்று எண்ணலாகாது. கல்லும் மண்ணும் பிரிக்கும் சல்லடை ஆடவேண்டும் என்றே அமைக்கப்படுகிறது. பட்டை வில்களின்மேல் நிற்கும் 20 கிலோ சல்லடைப் பெட்டியை, மையம் விலகிய சக்கரம் ஒன்று நிமிஷத்துக்கு 400 தடவை முன்னும் பின்னும் தள்ளுவதாகக் கொள்க. பெட்டியின் இயல்பு அதிர்வெண்ணும் 400 ஆக இருந்தால், பெட்டியை இழுத்துத் திருப்பும் வேலையை வில்லே செய்துவிடுகிறது. தள்ளும் கோலுக்கு மிகக் குறைந்த பளுவே விழுகிறது. கோலின் புஷ் அடிக்கடி தேயுமானால் வில் பொருந்தவில்லை என்று அறியலாம். 400-க்கு வேண்டிய தாழ்வு, அதாவது பெட்டியின் நிறையளவுக்குக் கிடையாக இழுத்தால் நகரவேண்டிய தூரம், 5.6 மில்லிமீட்டர். கோலைக் கழற்றி, வில் தராசால் 10 கிலோ இழுத்து, 2.8 மில்லிமீட்டர் நகர்கிறதா என்று சாதாரண அளவுகோலாலேயே பார்க்கலாம். கைப்பேசியில் விநாடிக்கு 240 படம் எடுக்கும் மெதுவோட்ட வசதி இருந்தால், பெட்டியைத் தட்டிவிட்டுப் படமெடுத்துப் பத்து ஆட்டத்துக்கு எத்தனை படங்கள் என்று எண்ணலாம். 360 படங்களானால் ஒன்றரை விநாடி. நிமிஷத்துக்கு 400 ஆட்டம். சல்லடையில் தானியம் நிறைந்திருக்கும்போது எண் இறங்கும்: 6 கிலோ சாமை பரந்திருந்தால் 400 என்பது 350 ஆகும். ஆதலால் தானியம் இட்ட நிலையிலேயே அளந்து, வில்லின் தடிப்பை அதற்கேற்பத் தெரிந்துகொள்ளுதல் வேண்டும்.

கூடம் அமைக்கும் குழுவினரும், அதைப் பார்வையிடும் ஊராட்சி, கிராம அதிகாரிகளும், யந்திரம் இறங்கிய அன்றே நிறுத்தல் சோதனையையும் தட்டல் சோதனையையும் செய்வித்து, மூன்று எண்களைச் சட்டத்தின் காலில் வர்ணத்தால் எழுதிவைக்கச் செய்யவேண்டும்: ஓட்ட வேகம், சட்டத்தின் மேல்கீழ் அதிர்வெண், பக்கவாட்டு அதிர்வெண். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை, அறுவடை வேலை தொடங்குமுன், தட்டல் சோதனையை மறுபடியும் செய்து பார்க்கலாம். 2,400 என்று எழுதியிருக்கும் இடத்தில் 2,100 என்று வந்தால் எங்கோ ஒரு போல்ட்டு தளர்ந்திருக்கிறது, அல்லது வெல்டிங்கில் விரிசல் ஓடத் தொடங்கியிருக்கிறது. ஸ்பானரும் சுண்ணாம்புக் கட்டியும் எடுத்துக்கொண்டு மூலைகளைப் பார்க்கவேண்டிய நாள் அதுவே.